முயலைப் பார்த்துப் பயப்படுவது எப்படி?

திகில் படம் எடுக்கிறேன் என்று கிளம்பி, கொஞ்சமும் சிரிக்காமல் அபத்தமாக எடுத்து வைத்த படங்களை ரசிக்க ஒரு பக்குவம் வேண்டும். பழகிக்கொள்ள நான் கைகாட்டுவது, 1972இல் ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் வெளியிட்ட 'நைட் ஆஃப் தி லீபஸ்'. அரிசோனாவில் ராட்சத முயல்கள் மனிதர்களைக் கடித்துக் கொல்கின்றன. ஆமாம், முயல்கள்தான்.

படி 1: ஆள் சேருங்கள்
மூன்று நான்கு பேர் போதும். வசனத்துக்கு வசனம் கமென்ட் அடிப்பவரைக் கூப்பிடாதீர்கள். அவர் ஜோக்குக்குச் சிரிப்பதற்குள் படத்தின் ஜோக் போய்விடும்.

படி 2: முதல் அரை மணி நேரத்தை நம்புங்கள்
பண்ணையில் முயல் தொல்லை. விஞ்ஞானித் தம்பதி முயலுக்கு ஹார்மோன் ஊசி போட்டுச் சோதிக்கிறார்கள். ஊசி போட்ட முயல் ஒன்று அவர்களுடைய மகளின் செல்லமாகி, அப்புறம் தப்பி ஓடிவிடுகிறது. சரி, இதையெல்லாம் அறிவியல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைவியாக நடிப்பவர் ஜேனட் லீ, 1960இல் வந்த 'சைக்கோ'வில் குளியலறையில் குத்துப்பட்டவர். அங்கே கத்திக்குக் காட்டிய பயத்தை இங்கே முயலுக்கும் குறைக்காமல் காட்டுகிறார்.

படி 3: முயல் வந்ததும் பேச்சை நிறுத்துங்கள்
வீட்டு முயல்களைப் பொம்மை வீடுகளுக்கு நடுவே ஓடவிட்டு ஸ்லோமோஷனில் எடுத்திருக்கிறார்கள். தடதடவென்று நிலமே அதிர்கிற மாதிரி சத்தம் வரும். திரையில் பார்த்தால் பஞ்சுப்பொதி போல ஒன்று மூக்கைத் துறுதுறுவென்று அசைத்துக்கொண்டிருக்கும், வாயைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தோடு. ஆளைக் கடிக்கிற இடங்களில் முயல் வேஷம் போட்ட மனிதர் வருகிறார். காட்சி சட்டென்று வெட்டிவிடும். ரிமோட் கையிலேயே இருக்கட்டும்.

இயக்குநர் வில்லியம் கிளாக்ஸ்டன் கௌபாய் கதைகளில் கைபழகியவர். மிரண்டோடும் மாட்டு மந்தையை எடுக்கிற பாணியில்தான் இதையும் எடுத்திருக்கிறார்.

படி 4: நடிகர்களின் முகத்தைப் பாருங்கள்
முக்கியமான படி இது. படத்துக்கு மூலமான ரஸ்ஸல் பிராடனின் நாவல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் நையாண்டி. படம் எடுத்தவர்கள் நையாண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு முயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கடைசிவரை நிற்கிறார்கள். அந்தப் பிடிவாதம்தான் நமக்கு விருந்து. 'இது சும்மா கிண்டல்தான்' என்று நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே எடுக்கும் படங்களில் இது கிடைக்காது.

படி 5: டிரைவ்-இன் தியேட்டர் காட்சி
காரில் உட்கார்ந்து ஜனங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் வந்து, கொலைகார முயல் கூட்டம் இந்தப் பக்கம் வருகிறது, உதவி வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார். "என்னது, முயலா?" என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. கார்கள் வரிசையாகக் கிளம்புகின்றன.

இங்கே சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்து முடியுங்கள். அடுத்து தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்சப் போகிறார்கள், அதைத் தவறவிடக் கூடாது.