நம்ம டீம் ஆடும் இன்டோர் கிரிக்கெட்: கூடவே உட்கார்ந்து கணக்குப் போடுவது எப்படி?

ஜூன் மாதம் வந்துவிட்டால் மேற்கு சிட்னியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். எங்கள் ஏரியா கிளப் பசங்க மட்டையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவார்கள். குளிர்காலம் முழுக்க இன்டோர் தொடர்தான். என் அக்கா மகன் அந்த டீமில் கீப்பர்.

போன வருடம் அவன் ஆடிய அரையிறுதியை நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் டீம் 27 ரன்னில் தோற்றது. கதை முடிந்தது என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். "ஏன் மாமா வரல?" என்று அவன் போன் பண்ணியபோது ஆட்டமே முடிந்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. வேறு யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துப் போக வேண்டியது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர், ஒரு ஸ்வெட்டர். தகரக் கூரைக்கு அடியில் இரவு நன்றாகவே குளிரும். செல்போன் ஆப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான் வைத்திருந்த ஆப், விக்கெட் விழுந்ததும் அடுத்த பேட்ஸ்மேன் பெயரைக் கேட்டு நின்றுவிடும். இங்கே அவுட் ஆனவர் வெளியே போவதே கிடையாது. நோட்டுதான் சொன்னபடி கேட்கும்.

உட்காரும் இடம். கோர்ட் சுமார் 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நாலு பக்கமும் தலைக்கு மேலும் வலை. பேட்ஸ்மேன் நிற்கும் முனையில், வலைக்கு வெளியே உயரமான நாற்காலியில் அம்பயர் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவர் சொல்வது காதில் விழுந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். மஞ்சள் பந்து வலையில் மோதி அப்படியே செத்து விழுவதையும், ஸ்டம்ப் சாய்ந்து ஸ்பிரிங்கில் தானாக எழுந்து நிற்பதையும் அங்கிருந்து பார்ப்பதே தனி சந்தோஷம்.

நோட்டில் கோடு போடுங்கள். டீமுக்கு 8 பேர், 16 ஓவர். இரண்டிரண்டு பேராக 4 ஜோடி, ஜோடிக்கு 4 ஓவர். எல்லோரும் பந்து போட வேண்டும், ஆளுக்கு 2 ஓவர். ஆகவே பக்கத்தை நாலு பெரிய கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 4 வரி போடுங்கள். முதல் நாளே யார் எத்தனை அடித்தார் என்று தனித்தனியாக எழுத முயல வேண்டாம். ஜோடியின் மொத்தம் போதும்.

ஒரு பந்துக்கு எத்தனை ரன்? ஓடி எடுத்த ரன் தனி, வலையில் பட்டதற்கான போனஸ் தனி. இரண்டையும் கூட்ட வேண்டும். கீப்பருக்குப் பின்னால் இருக்கும் வலைக்கு போனஸ் கிடையாது. பக்கவாட்டு வலையில் பேட்ஸ்மேன் பக்கத்துப் பாதி 1, பௌலர் பக்கத்துப் பாதி 2. பௌலருக்குப் பின்னால் உள்ள வலையில் தரையில் பட்டுப் போனால் 4, நேராகப் போய்ப் பட்டால் 6. ஒரு ரன்னாவது ஓடி முடித்தால்தான் போனஸ் சேரும். அதனால்தான் இங்கே "செவன்!" என்று கத்துகிறார்கள்: 6 போனஸ், ஓடியது 1. வைடுக்கும் நோ பாலுக்கும் தலா 2.

அவுட் ஆனால் 5 ரன் கழியும், ஜோடி தொடர்ந்து ஆடும். ஒரு ஓவரை நான் எழுதும் விதம்:

2, 0, 3, –5, 1, 5 = 6

முதல் பந்து பக்கவாட்டு வலையின் பேட்ஸ்மேன் பக்கத்துப் பாதியில் பட்டு ஒரு ரன், ஆக 2. மூன்றாவது பௌலர் பக்கத்துப் பாதியில், ஆக 3. நான்காவதில் ரன் அவுட். கடைசிப் பந்து தரையில் குத்தி பௌலருக்குப் பின்னால் உள்ள வலைக்கு, 4 + 1. மைனஸைப் பெரிதாகப் போட்டு வட்டமிடுங்கள். அவசரத்தில் அதைத்தான் கூட்டிவிடுவோம்.

ஸ்கின் (ஜோடிக்கு ஜோடி நடக்கும் குட்டிப் போட்டி): நான் கோட்டை விட்டது இங்கேதான். நம் முதல் ஜோடியின் மொத்தத்தை அவர்களுடைய முதல் ஜோடியின் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். யார் அதிகமோ அந்த ஸ்கின் அவர்களுக்கு. இப்படியே நாலு ஜோடிக்கும். எங்கள் தொடரில் ஆட்டத்தை ஜெயித்தால் 3 புள்ளி, ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 1 புள்ளி, ஆக ஒரு ஆட்டத்தில் மொத்தம் 7. போன வருடம் 27 ரன்னில் தோற்ற அந்த ஆட்டத்தின் கணக்கு இது:

நாங்கள்: 24, 17, –9, 28. மொத்தம் 60.
அவர்கள்: 20, 15, 30, 22. மொத்தம் 87.

மூன்றாவது ஜோடி நொறுங்கிவிட்டது. ஆட்டம் போய்விட்டது. ஆனால் முதல், இரண்டாம், நான்காம் ஸ்கின் எங்களுக்கு. அவர்களுக்கு 3 + 1 = 4 புள்ளி, எங்களுக்கு 3. அந்த மூன்று புள்ளிதான் எங்களை அரையிறுதிக்குள் தள்ளியது. கடைசி ஜோடி இறங்கும்போது ஆட்டம் கையை விட்டுப் போனது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு ரன்னுக்கும் விழுந்து விழுந்து ஓடினார்கள். எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. பெஞ்சில் இருந்த பசங்க "ஸ்கின் நமக்குடா!" என்று கத்தியதைக் கேட்டும் நான் விசாரிக்கவில்லை.

ஆகவே எதிரணி முதலில் ஆடினால், அவர்களுடைய நாலு மொத்தத்தையும் அடுத்த பக்கத்தில் முதலிலேயே தலைப்பாக எழுதி வையுங்கள். நம் ஒவ்வொரு ஜோடிக்கும் அதுதான் இலக்கு.

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தில் புள்ளிப் பட்டியல் போடுங்கள். மற்ற டீம்களின் ஸ்கின் கணக்கை ஆட்டம் நடக்கும் மையத்தின் மேசையில் கேட்டால் சொல்வார்கள். ஒரு ஆட்டம் சுமார் ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கொஞ்சம் முன்னாடியே போனால் அடுத்த வாரம் மோதப்போகும் டீமையும் பார்த்துவிடலாம்.

இந்த ஆட்டம் 1970களின் கடைசியில் பெர்த் நகரில், ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி போன்றோரின் பயிற்சி வலைகளிலிருந்து வளர்ந்தது. முதல் உலகக் கோப்பை 1995இல் பர்மிங்காமில். 2024இல் கொழும்புக்கே வந்துவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இதற்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

பின்சேர்க்கை 1: யாரும் அவுட் ஆகாமலே 5 ரன் கழித்தார்கள் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அது மூன்றாம் பந்து விதி. தொடர்ந்து இரண்டு பந்தில் ஸ்கோர் மாறாவிட்டால் மூன்றாவதில் மாறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் –5. எல்லா மையத்திலும் இது கிடையாது. முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது இரண்டு 0 வந்ததும் பக்கத்தில் ஒரு அடையாளப் புள்ளி வைக்கிறேன்.

பின்சேர்க்கை 2: பக்கவாட்டு வலையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட்தான். பௌலர் ஓடி வரும்போதே கோட்டை விட்டுக் கிளம்பும் பேட்ஸ்மேனை ரன் அவுட் ஆக்குவதும் இங்கே சகஜம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எல்பிடபிள்யூ, மட்டை வீசாமல் நின்றால் மட்டும்.

வியாழன் இரவு 8.40க்கு அடுத்த ஆட்டம். அக்கா மகன் நான்காவது ஜோடியில் இறங்குகிறான். நோட்டில் கோடு போட்டாயிற்று.