அண்ணா யுனிவர்சிட்டி சீட்டுக்கு கவுன்சிலிங் அப்ளிகேஷன் போடுறது எப்படி

அண்ணா யுனிவர்சிட்டியோட கேம்பஸ் காலேஜான கிண்டி சிஇஜி, ஏசிடி (ஏ.சி. டெக்), குரோம்பேட்டை எம்ஐடி, இந்த மூணுல எதுலயாவது பி.இ, பி.டெக் சேரணும்னா யுனிவர்சிட்டி வாசல்ல போய் ஃபார்ம் வாங்குற வேலையெல்லாம் இப்ப கிடையாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்) கவுன்சிலிங் வழியா தான் வரணும், 2018-ல இருந்து அதுவும் ஆன்லைன் ஆயிடுச்சு. நுழைவுத் தேர்வு இல்ல, ப்ளஸ் டூ மார்க் மட்டும் தான். விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா மாதிரி டீம்டு யுனிவர்சிட்டி எதுவும் இதுல வராது. ஆர்க்கிடெக்சர் கேக்குறவங்களுக்கு நாட்டாங்குற தேர்வு எழுதி போற தனி ரூட் இருக்கு.

கட்ஆஃப்னா ரேங்க் போட எடுத்துக்குற மார்க், அத 200-க்கு போடுவாங்க. மேத்ஸ் மார்க் அப்படியே, பிசிக்ஸ்லயும் கெமிஸ்ட்ரிலயும் பாதி பாதி. மேத்ஸ் 92, பிசிக்ஸ் 88, கெமிஸ்ட்ரி 94-னா 92 கூட்டல் 44 கூட்டல் 47, மொத்தம் 183. சிபிஎஸ்இ பசங்களுக்கும் இதே கணக்கு தான், ஆனா அவங்க மார்க்க முதல்ல ஸ்டேட் போர்டு மார்க்கோட சமப்படுத்திடுவாங்க. ஒரே கட்ஆஃப்ல நூத்துக்கணக்கான பேர் நிப்பாங்க, அப்ப முதல்ல மேத்ஸ் மார்க் பாப்பாங்க, அப்புறம் பிசிக்ஸ், அதுவும் சமம்னா நாலாவது சப்ஜெக்ட், ப்ளஸ் டூ மொத்தம், பத்தாவது மொத்தம், பிறந்த தேதின்னு இறங்கிக்கிட்டே போய் கடைசில தான் கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி குடுக்குற ரேண்டம் நம்பர். அதனால ரேண்டம் நம்பர் வந்த அன்னிக்கு என்னோடது பெருசு உன்னோடது சின்னதுன்னு வாட்ஸப்ல புலம்புறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, முக்கால்வாசி பேருக்கு அது தேவையே படாது.

மே மாசம் ரிசல்ட் வர்ற சமயத்துல ரெஜிஸ்ட்ரேஷன் தொறப்பாங்க. ஃபீஸ் 500 ரூபா, எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி-க்கு 250. உங்க சொந்த மொபைல் நம்பர், சொந்த மெயில் குடுங்க. பிரவுசிங் சென்டர் அண்ணன் "என் நம்பரையே போட்டுக்கலாம்பா"ம்பாரு, வேணவே வேணாம், கடைசி வரைக்கும் ஓடிபி அந்த நம்பருக்கு தான் வரும்.

நிறைய பேர் மாட்டிக்கிறது சர்டிபிகேட்ல தான், இத ரிசல்ட்டுக்கு முன்னாடியே முடிச்சு வைங்க. கம்யூனிட்டி சர்டிபிகேட்ல பேரு ஒரு மாதிரி, மார்க்‌ஷீட்ல இனிஷியல் வேற மாதிரி இருந்தா இப்பவே இ-சேவை மையத்துல போய் சரி பண்ணுங்க, ஏன்னா ஜூன் மாசம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு எல்லார் லாகின்லயும் ஊர்ப்பட்ட அப்ளிகேஷன் தேங்கி நிக்கும். எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டுல படிக்காதவங்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேணும். வீட்டுல முதல் பட்டதாரின்னா ஃபீஸ் சலுகை உண்டு, அதுக்கு தனி சர்டிபிகேட், கூடவே நீங்களும் அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போட்ட உறுதிமொழி. அக்கா ஏற்கனவே அந்த சலுகையில படிச்சிருந்தா தம்பிக்கு கிடைக்காது, இத மறைச்சு டிக் அடிக்காதீங்க.

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்க 7.5 சதவீத கோட்டாவ விட்டுடாதீங்க. படிப்பு செலவு, ஹாஸ்டல் செலவு ரெண்டையும் அரசாங்கமே பாத்துக்கும். இதையும் பொதுப்பிரிவையும் சேத்தே கலந்துக்கலாம்.

அப்லோட் பண்ணினதெல்லாம் டிஎஃப்சி-ல (கவுன்சிலிங் உதவி மையம்) உக்காந்து வெரிஃபை பண்ணுவாங்க. போட்டோ மங்கலா இருந்தா திருப்பி கேப்பாங்க, ஸ்டேட்டஸ அப்பப்ப பாருங்க. ரேங்க் லிஸ்ட் வந்ததும் கம்யூனிட்டி, மார்க் எல்லாம் சரியா ஏறியிருக்கான்னு பாத்து, தப்புன்னா அவங்க குடுக்குற சில நாளுக்குள்ள சொல்லிடணும்.

இனி சாய்ஸ் ஃபில்லிங். காலேஜும் பிராஞ்ச்சும் எத்தனை வேணா போடலாம், ஆனா வரிசை தான் உயிர். சிஸ்டம் உங்க லிஸ்ட்ட மேல இருந்து கீழ படிச்சிக்கிட்டு வந்து முதல்ல எது காலியா இருக்கோ அத குடுத்துட்டு நின்னுடும். "எனக்கு கிடைக்கவா போகுது"ன்னு நெனச்சு சிஇஜி-ய கீழ போட்டா, கிடைக்க வாய்ப்பிருந்தும் மேல போட்ட காலேஜ் தான் வரும். ஆசை வரிசையில போடுங்க, போன வருஷ கட்ஆஃப (கடைசி சீட் எந்த மார்க்குக்கு போச்சுங்குறத) எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ண மட்டும் பாருங்க. சிஇஜி கோட் 1, ஏசிடி 2, எம்ஐடி 4. விழுப்புரம், பண்ருட்டி, நாகர்கோவில் உறுப்புக் கல்லூரிகளும் லிஸ்ட்ல அண்ணா யுனிவர்சிட்டி பேர்ல தான் வரும், அவசரத்துல பேரு பாத்து கிண்டின்னு நெனச்சு டிக் பண்றவங்க உண்டு, கோட் பாத்து போடுங்க. எஸ்எஸ்-னு போட்டிருந்தா சுயநிதி பிரிவு, ஃபீஸ் ஜாஸ்தி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்ஆஃப் எட்டலன்னா சிஇஜி-ல ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், பிரிண்டிங், ஏசிடி-ல லெதர், செராமிக் மாதிரி பிராஞ்ச்ல கேம்பஸ் கிடைக்க வாய்ப்பு இருக்கு. சிவில், மெக்கானிக்கல் தமிழ் மீடியமும் 2010-ல இருந்து இருக்கு. ஆனா கேம்பஸ் பேருக்காக மட்டும் பிடிக்காத பிராஞ்ச்ல உக்காந்தா நாலு வருஷம் ரொம்ப நீளம், என்னைக் கேட்டா கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஜிசிடி-யோ மதுரை தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜோ பிடிச்ச பிராஞ்ச்சோட கிடைச்சா அங்க போறது மேல்.

டென்டேட்டிவ் அலாட்மெண்ட் (தற்காலிக சீட் ஒதுக்கீடு) வந்ததும் ரெண்டு நாள் டைம் இருக்குன்னு அசால்ட்டா இருக்காதீங்க, கன்ஃபர்ம் பண்ணலன்னா சீட் போயிடும். முழு திருப்தின்னா அக்செப்ட் அண்ட் ஜாயின். கிடைச்சத கையில வச்சிக்கிட்டு மேல உள்ளதுக்கும் நிக்கணும்னா அக்செப்ட் அண்ட் அப்வர்ட், அதுக்கு டிஎஃப்சி-ல ஃபீஸ் கட்டணும், மேல உள்ளது வந்துட்டா பழைய சீட் தானா போயிடும், பழசே வேணும்னு அப்புறம் கேக்க முடியாது. டிக்ளைன் ஆப்ஷன் மூணு இருக்கு, அதுல டிக்ளைன் அண்ட் க்விட் அழுத்தினா கவுன்சிலிங்கே முடிஞ்சுது, அதனால வீட்டுல ஒருத்தரோட உக்காந்து படிச்சு பாத்து அழுத்துங்க.

காலேஜ்ல ரிப்போர்ட் பண்ணும்போது ஒரிஜினல் டிசி, மார்க்‌ஷீட் எல்லாம் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, ஒரு பத்து செட் ஜெராக்ஸும் போட்டு வைங்க, ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், பேங்க் லோன்னு ஆளாளுக்கு ஒரு செட் கேப்பாங்க.