ஆர்எஃப்ஐடி ரீடர் இறக்குமதி: எச்எஸ் கோடை நாமே முடிவு செய்வது எப்படி?

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் சின்னதாக ஒரு ஆட்டோமேஷன் தொழில் நடத்துகிறோம். குடோன்களுக்கும் நூலகங்களுக்கும் ஆர்எஃப்ஐடி ரீடர் (பொருளில் ஒட்டிய டேக் என்ற சில்லின் எண்ணை ரேடியோ அலையில் படிக்கும் கருவி) மாட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. சரக்கு சென்னை மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் வந்து இறங்கும். ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதி எண்) எடுப்பது, சிஎச்ஏ (சுங்க முகவர்) பிடிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை, அதற்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது. சரக்கு எந்த வகை, வரி எவ்வளவு என்று முடிவு செய்யும் எட்டு இலக்க எச்எஸ் கோடு மட்டும்தான் இன்றைய பாடம்.

சப்ளையர் இன்வாய்ஸில் ஒரு கோடு போட்டு அனுப்புவார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது, கடைசி 2 இந்தியாவுடையது. 2011 முதல் சுங்கத்தில் சுயமதிப்பீடு வந்துவிட்டதால், பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) ஏறும் கோடுக்கு இறக்குமதியாளர்தான் பொறுப்பு. வரி குறைவாகக் கட்டியது தெரிந்தால், சாதாரணமாக 2 வருடம் வரை நோட்டீஸ் வரலாம். உண்மையை மறைத்ததாகக் கருதினால் 5 வருடம்.

படி 1: பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

பெயரில் "ரீடர்" என்று இருப்பதை மறந்துவிடுங்கள். அது தனியாக என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. திரை, கீபோர்டு, சொந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு கையில் பிடிக்கிற கருவி என்றால் அது ஒரு குட்டிக் கணினி. கையடக்கக் கணினிக்கான 8471 30-ல் இருந்து யோசிக்கத் தொடங்குங்கள். கார்டைக் காட்டினால் வருகை நேரத்தைப் பதிகிற மெஷின் என்றால் நேரம் பதியும் கருவிகளுக்கான 9106-ஐப் பார்த்தாக வேண்டும். டேக்குகள் வேறு சாதி, அவை 8523. ரீடரோடு சேர்த்து ஒரே வரியில் எழுதினால் கொயரி நிச்சயம்.

மிச்சம் இருப்பது இரண்டு: மேஜையில் வைக்கும் யூஎஸ்பி ரீடர், கேட்டில் மாட்டும் நெட்வொர்க் ரீடர். தலைவலி இவற்றில்தான்.

படி 2: அத்தியாயம் 84, குறிப்பு 6

கோடின் முதல் 2 இலக்கம்தான் அத்தியாயம். டாரிஃப் புத்தகத்தில் (சுங்கவரிப் பட்டியல்) எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த ஒரு பக்கம். (2022-க்கு முந்தைய டாரிஃப் புத்தகத்தில் இது குறிப்பு 5. பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.)

6(சி) சொல்வது இது: ஒரு கருவி முழுக்கவோ முக்கியமாகவோ கணினி அமைப்போடு பயன்படுவதாக இருக்க வேண்டும், நேராகவோ வேறு யூனிட் வழியாகவோ கணினியோடு இணைய வேண்டும், கணினிக்குப் புரிகிற வடிவில் தரவை வாங்கவோ தரவோ வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது 8471-ன் (கணினிகளும் அவற்றின் யூனிட்களும்) யூனிட். யூஎஸ்பி ரீடருக்கு மூன்றும் பொருந்தும். உள்ளீட்டுக் கருவி என்று 8471 60-ல் வைக்கலாம்.

இத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த வரியில் 6(டி) உட்கார்ந்திருக்கிறது. தனியாக வரும் பிரிண்டர், மானிட்டர், குரல், படம், தரவு அனுப்பும் அல்லது பெறும் கருவி ஆகியவை 6(சி)-க்குப் பொருந்தினாலும் 8471-க்குள் வராது. ரீடர் ரேடியோ அலையில்தானே டேக்கோடு பேசுகிறது, அப்படியானால் அது தரவு அனுப்பிப் பெறும் கருவி, தகவல்தொடர்புக் கருவிகளுக்கான 8517 62 என்று வாதம் வரும். அதற்கான பதில், ரேடியோ அங்கே வழி மட்டுமே, டேக்கின் எண்ணைப் படித்துக் கணினிக்குள் கொடுப்பதே முக்கிய வேலை என்பது. 84, 85 அத்தியாயங்கள் அடங்கிய பிரிவு 16-ன் குறிப்பு 3 முக்கிய வேலையைத்தான் பார்க்கச் சொல்கிறது. யூஎஸ்பி ரீடருக்கு இந்தப் பதில் நிற்கும். ஈதர்நெட், வைஃபை எல்லாம் ஏற்றிய கேட் ரீடருக்கு அவ்வளவு பலமாக நிற்காது என்பது என் கருத்து.

இன்னொன்று: 8471-ன் தலைப்பில் "காந்த அல்லது ஒளியியல் ரீடர்" என்று வருகிறதே என்று சிலர் 8471 90-க்குப் பாய்வார்கள். அது காந்தப் பட்டை, பார்கோடு மாதிரியானவற்றுக்கு. ரேடியோ அலையை அதில் திணிக்க முடியாது.

படி 3: வித்தியாசம் எவ்வளவு?

1,00,000 ரூபாய் மதிப்புக்குப் போட்டுப் பாருங்கள். 8471-ல் பேசிக் டூட்டி (அடிப்படைச் சுங்கவரி) பூஜ்யம், ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 18% மட்டும்: 18,000. பேசிக் டூட்டி 20% விழும் கோடு என்றால் 20,000, அதன் மேல் சமூகநல சர்சார்ஜ் 10% சேர்ந்து 2,000, பிறகு 1,22,000-க்கு ஐஜிஎஸ்டி 21,960. மொத்தம் 43,960. ஐஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டில் திரும்பிவிடும். அந்த 22,000 திரும்பாது. கஸ்டமருக்குக் கொட்டேஷன் கொடுக்கும் முன்பே இதைப் போட்டுவிடுங்கள்.

கோடு தேடித் தரும் இலவச வெப்சைட்டுகளை நான் தொடுவதே இல்லை, பாதியில் பழைய விகிதம்தான் இருக்கிறது. சிபிஐசி (மத்திய மறைமுக வரி வாரியம்) தளத்தின் டாரிஃப் பிடிஎஃப், சுங்கத்துறையின் ஐஸ்கேட் போர்ட்டலில் உள்ள டூட்டி கால்குலேட்டர் இரண்டும் போதும்.

படி 4: விவரணை எழுதுவது

இப்போது முகமறியா மதிப்பீடு. 2020 ஜூன் 8-ல் சென்னையிலும் பெங்களூருவிலும் 84, 85 அத்தியாயங்களை வைத்துத்தான் இதையே தொடங்கினார்கள். உங்கள் பில்லைப் பார்க்கும் அதிகாரி எந்த ஊரிலும் இருக்கலாம். அவர் பெட்டியைப் பார்க்கப் போவதில்லை. "ஆர்எஃப்ஐடி ரீடர், 10 நம்பர்" என்று எழுதினால் கேள்வி வராமல் என்ன செய்யும்? நான் எழுதுவது இப்படி: "யூஎச்எஃப் (உயர் அலைவரிசை) டேக் எண்ணைப் படித்து யூஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தரும் உள்ளீட்டு யூனிட்; கணினி இல்லாமல் இயங்காது; திரை, நெட்வொர்க் போர்ட் இல்லை; மாடல் எண் இன்னது." பில்லில் இதை ஆங்கிலத்தில் போட்டு, கேட்லாக்கில் அதே வாசகம் இருக்கும் பக்கத்தை மார்க் செய்து, சுங்கத்தின் ஆவணப் பதிவேற்றத் தளமான இ-சஞ்சித்தில் ஏற்றிவிடுவேன்.

படி 5: அலைவரிசை

ஆர்டர் போடும் முன்பே டேட்டாஷீட்டில் "ரீஜன்" வரியைப் பாருங்கள். எஃப்சிசி என்றால் 902–928 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க மாடல். நமக்கு அது உதவாது. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் அனுமதித்தது 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டை, எனவே எட்சி (ETSI) என்று போட்ட ஐரோப்பிய மாடலைக் கேளுங்கள். டபிள்யூபிசி-யின் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) ஈடிஏ என்ற கருவி ஒப்புதல் சான்றை சரல் சஞ்சார் போர்ட்டலில் வாங்கிய பிறகு சரக்கை ஏற்றச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: கடலூர் சிப்காட்டிலிருந்து ஒரு வாசகர், கேட் ரீடரை வருடம் முழுக்க இறக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். அட்வான்ஸ் ரூலிங் (எந்தக் கோடு என்று சுங்க ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கும் தீர்ப்பு) வாங்குங்கள் சார். கட்டணம் 10,000 ரூபாய், 3 மாதத்துக்குள் தீர்ப்பு, 3 வருடம் செல்லும். அடுத்தவர் வாங்கிய தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது, வாதம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் படிக்கலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: ரீடர் க்ளியர் ஆகி, கூடவே வந்த பவர் அடாப்டர் சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அடாப்டருக்குத் தனியாக பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் வேண்டும், ஸ்மார்ட் கார்டு ரீடர்களும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கின்றன. நான் அடாப்டர் இல்லாமல் அனுப்பச் சொல்லி, பிஐஎஸ் முத்திரை உள்ளதை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.