கிரியாட்டினினுக்குக் கீழே இருக்கும் எண்

வீட்டில் சிறுநீரகப் பிரச்சினை உள்ள பெரியவர்கள் இருந்தால், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருள்) மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். கூடவே ஈ.ஜி.எஃப்.ஆர். (eGFR) என்று ஓர் எண் இருக்கும்; சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு, இரண்டு பேருக்கும் கிரியாட்டினின் அதே 1.4 தான். ஆனால் 30 வயது ஆணுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 70 வாக்கில் வரும், 70 வயதுப் பாட்டிக்கு 40 வாக்கில்தான் வரும். மூன்று மாதத்துக்கு மேலும் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

அம்மாவுக்காகக் காலண்டர் ஆணியிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, பிரஷர், எடை, பரிசோதனை செய்த அன்று அந்த எண். அவ்வளவுதான். எடை திடீரென்று இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கி, செருப்பு வார் தடமாகப் பதிந்தாலோ உடனே டாக்டருக்கு போன். அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருப்பது: டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் “ரெண்டு மாத்திரை குடுப்பா” என்று கேட்டு வாங்குகிற பழக்கம் சிறுநீரகத்துக்குப் பெரிய எமன். டாக்டர் யாராக இருந்தாலும் முதலில் அந்த நோட்டைத்தான் நீட்டுவோம்.

அப்புறம், உப்பு. ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது; ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சாதா உப்பையே கொஞ்சமாகப் போடுங்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் வெட்டிக் கொடுக்கும் இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.