கார் ஏசிக்குக் கேஸ் நிரப்பும் முன் ஏசி ஃபில்டரைப் பாருங்கள்

போன சித்திரை வெயிலில் என் காரின் ஏசி சோர்ந்துபோனது. புளோயரை நாலாம் நம்பரில் வைத்தால் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்கும், காற்று முகத்துக்கு எட்டாது. பக்கத்துக் கடையில் காட்டினேன். "கேஸ் இறங்கிப்போச்சு சார்" என்றார்கள். தலையாட்டிப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வடபழனியில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த ஆற்காடு ரோட்டில் நின்றபோது அதே கதை. அப்புறம் மைத்துனர் வந்து குளோவ் பாக்ஸைக் கழற்றி, உள்ளேயிருந்து கறுத்துப்போன அட்டை போன்ற ஒன்றை உருவினார். மடிப்புக்கு மடிப்பு மண், வேப்பஞ்சருகு, ஒரு கரப்பான் இறக்கை. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அதுதான். மெக்கானிக்குகள் வாயில் ஏசி ஃபில்டர்.

நான் செய்த தவறைத்தான் பலரும் செய்கிறார்கள். காற்று பலமாக வந்து, குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால் கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்படலாம். வருகிற காற்று சில்லென்று இருந்து, வேகம்தான் இல்லையென்றால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது ஃபில்டரை. அடைப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் கூலிங் காயிலின் மேல் ஐஸ் கட்டி, நீண்ட தூரம் போகும்போது கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றுவிடும். மழைக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் ஆவி சீக்கிரம் விலகாததற்கும் இந்த அடைப்பு ஒரு காரணம்.

"போன சர்வீஸில் ஏர் ஃபில்டர் மாத்தியாச்சே" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அது பானெட்டுக்குள் இருக்கும் இன்ஜின் ஃபில்டர். இது வேறு.

எப்போது மாற்றுவது என்பதில்தான் சென்னைக்காரர்கள் ஏமாறுகிறோம். பல கம்பெனிகளின் கணக்கு 15,000 முதல் 20,000 கி.மீ. அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். நாம் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறோம். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய்வரும் கார் வருடத்துக்கு 5,000 கி.மீ.கூடத் தொடாது. ஆனால் சிக்னலில் நின்ற நேரமெல்லாம் புளோயர் ஓடிக்கொண்டுதானே இருந்தது? ஃபில்டருக்குத் தெரிந்தது மணிக்கணக்கு. அதனால் நான் வருடத்துக்கு இரண்டு முறை திறந்து பார்க்கிறேன்: போகிப் புகையெல்லாம் அடங்கியபின் தை மாதத்தில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடைப் பகுதியில் சேரும் சருகையும் அவ்வப்போது அள்ளிப்போட வேண்டும். வெளிக்காற்று உள்ளே நுழைகிற வழி அதுதான்.

அடுத்தது, நம் வீட்டுப் பழக்கம்: கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டுவது. வீட்டு ஏசியின் பிளாஸ்டிக் வலையைக் குழாயடியில் காட்டுகிறோமே, அந்த நினைப்பு. கார் ஃபில்டர் பெரும்பாலும் நெய்யாத செயற்கை இழைத் துணி. பல ஃபில்டர்களில் அந்த இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். நுண்தூசியைப் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் பட்டால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது. சென்னையின் புழுக்கத்தில் மடிப்புக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சையும் பிடிக்கும். பஞ்சர் கடை ஏர் பைப்பில் ஊதுவதும் இதே ரகம்தான். பெரிய குப்பை பறக்கும், துணி கிழியும். தட்டி உதறிச் சில நாள் சமாளிக்கலாம், அவ்வளவுதான். புதிதே சாதாரண மாடல்களுக்குச் சில நூறு ரூபாய்தான்.

அடைத்துவிட்டது என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டுவது இதைவிட மோசம். அன்றைக்குக் காற்று புயல்போல் வரும், சந்தோஷமாக இருக்கும். தூசி நேராகப் போய் ஈரமான கூலிங் காயிலில் சேறாகப் படியும். அதைச் சுத்தம் செய்யப் பல கார்களில் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும்.

மாற்றும் வேலை சுலபம். புளோயரை அணைத்துவிட்டு உருவுங்கள். இல்லாவிட்டால் சருகு உள்ளே விழுந்து டரடரவென்று சுற்றும். கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். பெரும்பாலும் அது காற்று போகும் திசை, சிலவற்றில் எந்தப் பக்கம் மேலே என்பதற்கான குறி. கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் இடுக்கு வழியாகத் தூசி சுற்றிக்கொண்டு போய்விடும்.

நாற்றத்துக்குப் புது ஃபில்டர் மட்டும் மருந்தாகாது. மாற்றிய பிறகும் ஊறவைத்த துணி வாடை அடித்தால் பூஞ்சை கூலிங் காயிலில் இருக்கலாம். பெருங்குடிக் குப்பைமேட்டு வாடைக்குக் கரி கலந்த ஃபில்டர் ஓரளவு உதவும். ஆனால் இன்ஜின் புகையிலிருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை எந்தக் கேபின் ஃபில்டரும் தடுக்காது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது.

மாட்டும்போது ஓரத்தில் பேனாவால் தேதியை எழுதிவிடுகிறேன். சமீபத்திய சர்வீஸ் பில்லில் ஏசி ஃபில்டருக்கும் பணம் போட்டிருந்தார்கள். "புதுசு மாத்தியாச்சு சார்" என்றார் அட்வைசர். அங்கேயே குளோவ் பாக்ஸைத் திறந்து உருவினேன். தை மாதத் தேதி, என் கையெழுத்தில்.