டேக்-ஆஃப் ஆனதும் இன்ஜின் சக்தி குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேங்கில் பெட்ரோல் பார்க்காதது, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வடித்துப் பார்க்காதது எல்லாம் முதல் வகுப்புப் பாடம். விட்டுவிடுகிறேன். ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானமான செஸ்னா 172-இல் பயிற்சியாளராகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பாதி சக்தியை நம்பித் திரும்புவது

இன்ஜின் ஒரேயடியாக நின்றால் மாணவர்கள் குழம்புவதில்லை. முன்னால் தெரியும் வயலில் இறக்கப் பார்ப்பார்கள். இருமிக்கொண்டே ஓடினால்தான் வம்பு. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்தது. ஒற்றை இன்ஜின் விமானங்களில் டேக்-ஆஃபுக்குப் பின் சக்தி ஓரளவு குறைந்த சம்பவங்கள் 242. அவற்றில் 9 உயிரைப் பறித்தன. முழுசாக நின்றுபோன 75-இல் ஒருவரும் சாகவில்லை.

இதைப் பழக்க, 3,000 அடி உயரத்தையே தரை என்று வைத்துக்கொண்டு ஏறச் சொல்வேன். 3,300-இல் த்ராட்டிலை, அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, பாதிக்கும் கீழே இழுப்பேன். போன மாதம் ஒரு பையன், "இன்னும் ஓடுதே சார், திரும்பிடலாம்" என்று இடப்பக்கம் சாய்த்தான். உயரம் குறைவதைப் பார்த்து விமானத்தின் மூக்கைத் தூக்கினான். சாய்வு 45 டிகிரியைத் தாண்ட, ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) வருகிறது என்று எச்சரிக்கும் ஹாரன் அலறியது. மீட்டு முடிக்கும்போது உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் 2,900. "தரைக்கு நூறடி கீழே இருக்கோம், தம்பி" என்றேன். சிரிக்கவில்லை.

நேராகப் பறக்கையில் 48 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 57-லேயே ஆகிவிடும். அரை வட்டம் போட்டாலும் ரன்வே பக்கவாட்டில்தான் இருக்கும். இன்னும் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். எதிர்க்காற்று பின்காற்றாகி வேறு தள்ளும்.

அந்தப் பாதி சக்தியும் எந்த நொடியிலும் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகளைச் சமமாக வைத்தும் உயரம் நிற்கவில்லையா, நேர் முன்னால் இறக்குங்கள். உயரம் குறையாமல் இருந்தால், இறங்க ஓர் இடம் எப்போதும் எட்டும்படி மெல்லத் திரும்புங்கள்.

மூக்கை இறக்கத் தயங்குவது

ஏறும் கோணத்திலேயே வைத்திருந்தால் வேகம் சட்டென்று கரையும். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்காமல் 70 நாட் வேகத்தைப் பிடியுங்கள். தரை நெருங்குகிறதே என்று கை தானாகப் பின்னால் இழுக்கும், இழுக்க விடாதீர்கள்.

தரையிலேயே முடிவெடுக்காதது

"இந்த உயரத்துக்குக் கீழே என்ன ஆனாலும் முன்னால்தான்" என்று ரன்வேயில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னேன் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ரேடியோவில் பேசுவது

அதெல்லாம் அப்புறம்தான்.

கதவை மறப்பது

தரை தொடுமுன் தாழை விலக்கிவிடுங்கள். கதவின் சட்டம் நெளிந்தால் திறக்காது.