டாஷ்போர்டு பீடிங்கைத் திரும்ப மாட்டும்போது நடக்கும் தவறுகள்

பழைய ஃபியட்டையோ அம்பாசடரையோ புதுப்பிக்கிறவர்கள் டிங்கரிங்குக்கு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். பெயிண்டின் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஆனால் டாஷ்போர்டின் பீடிங் (நீளவாக்கில் ஓடும் பளபளப்பான அலங்காரப் பட்டை), மீட்டர் வளையம், பெயர்ப்பட்டை எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் மாட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். புதுப் பெயிண்டில் முதல் கீறல் விழுவது பெரும்பாலும் அந்தச் சாயங்காலத்தில்தான்.

மாட்டுவது கடைசியில் என்பது சரி. ஆனால் பொருத்திப் பார்ப்பது பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். அதை விடுவதுதான் எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் பெரிய தவறு. வெறும் தகடாக இருக்கும்போதே ஒவ்வொரு துண்டையும் வைத்துப் பாருங்கள். தட்டி நிமிர்த்திய இடத்தில் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம், பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி அதை அடைத்திருக்கலாம். அப்போது உருண்டை அரத்தால் இரண்டு இழுப்பு போதும். பெயிண்ட் ஏறிய பிறகு அதே ஓட்டையில் அரம் போட்டால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும், துருவும் அங்கிருந்துதான் கிளம்பும். வேறு வழியில்லாமல் அரம் போட்டே தீர வேண்டும் என்றால், பெயர்ந்த விளிம்பில் சிறு தூரிகையால் பெயிண்ட் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

தொலைந்த துண்டைத் தேடி, சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள், பழைய துண்டு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஓட்டைகளின் இடைவெளியைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபியட் 1100 வண்டி 1964இல் டிலைட், 1972இல் பிரீமியர் பிரசிடென்ட், 1974 முதல் பத்மினி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ‘ஃபியட் பீடிங்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால், நீளம் சரியாக இருந்தும் ஸ்டட் (பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏற்றும் மரைத்தண்டு) ஓட்டையில் உட்காராமல் போகலாம்.

அடுத்தது இறுக்குவது. குரோம் பூசிய பழைய பெயர்ப்பட்டைகளில் பல, பார்க்க இரும்பு போல இருந்தாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வருஷங்கள் போகப் போக அவற்றின் பின்னால் இருக்கும் ஸ்டட் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மாமாவின் வண்டியில் குளோவ் பாக்ஸ் மூடியின் பெயர்ப்பட்டையை மாட்டியவன் நான். நட் நன்றாகப் பிடித்திருந்தது. இன்னும் கால் சுற்று போகட்டும் என்று ஸ்பேனரை நகர்த்தினேன். ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம், பென்சில் முனை ஒடிவது போல. நட்டும் அதற்குள் இருந்த ஸ்டட் துண்டும் உள்ளங்கையில் விழுந்தன. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல் பொரபொரவென்று இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து இந்த வகை ஸ்டட்டுக்கு நான் ஸ்பேனரையே எடுப்பதில்லை. விரலால் இறுகும் அளவு போதும். நட்டுக்கு அடியில் ஒரு நைலான் வாஷர், அவ்வளவுதான். நீளமான பீடிங்காக இருந்தால் எல்லா நட்டையும் தளர்வாக ஏற்றிவிட்டு, கோடு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் போய் இறுக்குங்கள்.

பெயிண்ட் கையில் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சூட்டறையில் வைக்காத 2கே பெயிண்டுக்கு (ஹார்டனர் கலந்து அடிப்பது) குறைந்தது ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குள் பீடிங்கை அழுத்தி மாட்டினால் அதன் விளிம்பு பெயிண்டில் பதிந்துவிடும். அந்தத் தடம் பாலிஷுக்குப் போகாது.

பசை விஷயத்திலும் அவசரம்தான் கெடுக்கிறது. ஒரு சொட்டில் பிடிக்கும் பசையின் ஆவி, பக்கத்தில் இருக்கும் குரோம் மீதும் மீட்டர் கண்ணாடி மீதும் வெள்ளையாகப் படியும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டு 70 டிகிரியை எட்டக்கூடியது. அந்தச் சூட்டிலும் குலுக்கலிலும் அந்தப் பசை நிற்காது. ரெக்சின் ஒட்ட, சூடு தாங்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, விரலில் இழை வராத அளவுக்கு உலரவிட்டு ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும். வழிந்த பசையைத் தின்னரால் துடைக்கவே கூடாது, பிளாஸ்டிக்கும் பெயிண்டும் இளகிவிடும்.

பேட்டரி வயரைக் கழற்றாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் கை விடாதீர்கள். அம்மீட்டர், இக்னிஷன் ஸ்விட்ச் முனைகள் எல்லாம் அங்கே திறந்தபடி இருக்கும். கையில் இருக்கும் ஸ்பேனர் ஒரு முனையையும் தகட்டையும் சேர்த்துத் தொட்டால் வயரிங் கருகிவிடும். பழைய ஸ்க்ரூ கிடைக்கவில்லை என்று நீளமான ஸ்க்ரூவைப் போடுவதும் இதே ஆபத்துதான். அதன் முனை பின்னால் எந்த வயரில் குத்துகிறது என்பது முன்னாலிருந்து தெரியாது.

சரி, ஸ்டட் ஏற்கெனவே உடைந்துவிட்டதா? பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். உடைந்த இடத்தை மட்டமாகத் தேய்த்து, முன்பக்கம் வந்துவிடாதபடி ஆழம் குறைவாகத் துளைத்து, தலை வெட்டிய 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை எபாக்ஸி பசை வைத்து நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மாமா வண்டியின் பெயர்ப்பட்டை இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது.